வாரிசில்லாப் பதவியும் சாவில்லா நிறுவனமும்: முதலாம் ஒட்டோவும் ஜெர்மானியத் திருச்சபையும்



இந்த அறக்கட்டளையின் ஆண்டுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது பத்தாம் நூற்றாண்டு ஜெர்மானிய மன்னர் முதலாம் ஒட்டோவின் வரலாறு. அவர் 912-இல் பிறந்தார், 936-இல் அரசரானார், 962-இல் ரோமில் பேரரசராக முடிசூடினார், 973-இல் மறைந்தார். திருச்சபையைத் துணையாகக் கொண்டு அரச அதிகாரத்தை வலுப்படுத்தியவர் என்று பாடநூல்கள் அவரை ஒரு வரியில் அறிமுகப்படுத்தும். அந்த வரி பொய்யில்லை. ஆனால் பாதி உண்மையோடு நின்றுவிடுகிறது.

ஆயருக்குச் சட்டப்படியான வாரிசு கிடையாது. அவர் இறந்தால் பதவி அவர் மகனுக்குப் போகாது. அதனால் ஆயரிடம் கொடுத்த அதிகாரம் ஒரு குடும்பத்தின் சொத்தாக மாறாது என்று மன்னர்கள் நம்பினார்கள். மறுபாதி உண்மை இதற்குள்ளேயே இருக்கிறது. ஆயர் இறப்பார், ஆயர் பீடம் இறப்பதில்லை. பீடத்துக்கு எழுதிவைத்த நிலமும் உரிமையும் மன்னரிடம் எளிதில் திரும்பி வரவில்லை. அடுத்த ஆயர் யார் என்று முடிவுசெய்யும் உரிமை ஒன்று மட்டுமே மன்னர் கையில் மிஞ்சியது. ஒட்டோவின் வெற்றியும், அவருக்குப் பின் வந்தவர்களின் தோல்வியும் அந்த ஓர் உரிமையில்தான் தொங்கின. இன்றைய உரையில் நான் நிறுவ விரும்புவது இதுவே.

1. விருந்தில் பணிசெய்த கோமகன்கள்

936 ஆகஸ்ட் 7 அன்று, ஆகன் நகரில் சார்லமேன் கட்டிய ஆலயத்தில் ஒட்டோவுக்கு முடிசூட்டு விழா நடந்தது. மைன்ஸ் பேராயர் ஹில்டெபர்ட் அவருக்கு எண்ணெய் பூசி முடி சூட்டினார். அவருடைய தந்தை முதலாம் ஹென்றி 919-இல் அரசரானபோது அந்தத் திருப்பொழிவை ஏற்க மறுத்தவர். மற்றக் கோமகன்களுக்கு இடையே முதன்மையானவராக இருந்தால் போதும் என்று ஆண்டவர். மகன் அந்த வழியில் போகவில்லை. தம் அரசுரிமை கடவுளிடமிருந்து வந்தது என்பதை நாடே பார்க்கும்படி முதல் நாளிலேயே காட்டினார்.

விழா விருந்தில் நான்கு கோமகன்கள் அவருக்குப் பணிவிடை செய்தார்கள் என்று சாக்சனித் துறவி விடுகிண்ட் எழுதிவைத்திருக்கிறார். லொத்தாரிங்கியாவின் கிசல்பெர்ட் விழாவுக்கான ஏற்பாடுகளைக் கவனித்தார். ஃபிராங்கோனியாவின் எபர்ஹார்ட் உணவுப் பந்தியைப் பார்த்துக்கொண்டார். ஸ்வாபியாவின் ஹெர்மன் மதுக் கிண்ணங்களை மேற்பார்த்தார். பவேரியாவின் அர்னுல்ஃப் குதிரைகளுக்கும் பாசறைக்கும் பொறுப்பேற்றார்.

மூன்றே ஆண்டுகளில் அந்தக் காட்சி கலைந்துபோயிற்று. அர்னுல்ஃப் 937-இல் இறந்ததும் அவர் மகன் மன்னருக்குப் பணிய மறுத்து, பதவியை இழந்தார். எபர்ஹார்டும் கிசல்பெர்ட்டும் ஆயுதம் ஏந்தினார்கள். தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த ஒட்டோவின் அண்ணன் தாங்மார் 938-இல் ஏரெஸ்பர்க் கோட்டையின் ஆலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். உடன்பிறந்த தம்பி ஹென்றி கலகக்காரர்களோடு சேர்ந்தார். 939-இல் ஆண்டர்நாக் அருகே நடந்த மோதலில் எபர்ஹார்ட் வெட்டுண்டார். கிசல்பெர்ட் ரைன் ஆற்றில் மூழ்கினார். பந்தியில் பணிசெய்த நால்வரில் இறுதிவரை உறுதியாக நின்றவர் ஹெர்மன் ஒருவரே.

941-ஆம் ஆண்டு ஈஸ்டர் பெருவிழாவின்போது குவெட்லின்பர்க்கில் அண்ணனைக் கொன்றுவிடத் தம்பி ஹென்றி சதி செய்தார். சதி வெளிப்பட்டது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹென்றி மன்னிப்புக் கேட்க, ஒட்டோ மன்னித்தார்.

இந்தப் பத்தாண்டில் ஒட்டோ கண்டுபிடித்த தீர்வு திருச்சபையன்று, குடும்பம்தான். கோமகன் பதவிகளைச் சொந்தக்காரர்களுக்கே கொடுத்தார். மன்னிக்கப்பட்ட தம்பி ஹென்றிக்குப் பவேரியா. மருமகன் கொன்ராடுக்கு லொத்தாரிங்கியா. மூத்த மகன் லியுடோல்ஃபுக்கு ஸ்வாபியா. இரத்த உறவு துரோகம் செய்யாது என்ற நம்பிக்கை அது.

953-இல் அந்த நம்பிக்கை உடைந்தது. ஒட்டோ 951-இல் இத்தாலிக்குச் சென்று, கணவரை இழந்திருந்த அரசி அடெலைடை மணந்திருந்தார். புதிய மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்தால் தம் உரிமை போய்விடும் என்று முதல் மனைவி எடித்தின் மகன் லியுடோல்ஃப் அஞ்சினார். அவரும் கொன்ராடும் சேர்ந்து கலகம் செய்தார்கள். மகனும் மருமகனும் எதிரணியில் நின்ற அந்த ஆண்டில்தான் ஒட்டோ வேறொரு பக்கம் திரும்பினார்.

2. இரண்டு பதவி, ஒரு மனிதர்

ஒட்டோவின் கடைசித் தம்பி புரூனோ, சிறு வயதிலேயே திருச்சபைக்கு அளிக்கப்பட்டவர். உட்ரெக்ட் நகரில் கல்வி கற்றவர். 940 முதல் அண்ணனின் அரசச் செயலகத்தை நடத்தினார். அரசரின் சிற்றாலயக் குருக்கள்தாம் அந்தக் காலத்தில் அரச ஆவணங்களை எழுதினார்கள். எழுதத் தெரிந்த ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் மன்னரோடு குதிரையில் பயணம் செய்து, அவர் எண்ண ஓட்டத்தை அருகிலிருந்து கற்று, பிறகு ஆயர்களாகத் தொலைதூர நகரங்களுக்குப் போனார்கள். தலைநகர் இல்லாத அரசுக்கு அந்தச் சிற்றாலயமே ஆட்சிப் பள்ளியாக இருந்தது.

953-இல் புரூனோ கொலோன் பேராயரானார். அதே ஆண்டில் கலகக்காரர் கொன்ராடிடமிருந்து பறிக்கப்பட்ட லொத்தாரிங்கியாவின் கோமகன் பொறுப்பையும் ஒட்டோ அவரிடம் ஒப்படைத்தார். ஒரே மனிதர் திருப்பலியும் நிறைவேற்றினார், படையும் நடத்தினார், வழக்கும் தீர்த்தார். இது சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. புரூனோ 965-இல் மறைந்த சில ஆண்டுகளுக்குள் அவர் வரலாற்றை எழுதிய துறவி ருவோட்கர், பெரும்பகுதி இடத்தை இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே செலவிட்டார். மக்களுக்கு அமைதியைத் தருவதும் மேய்ப்பனின் கடமைதான் என்பது அவர் வாதம். கூச்சல் போட்டவர்கள் இருந்ததால்தான் இத்தனை கவனமான மறுமொழி தேவைப்பட்டது.

புரூனோ வெறும் நிர்வாகி அல்லர். அவரிடம் பயின்றவர்கள் பலர் பின்னாளில் ஆயர்களானார்கள். மேற்கு எல்லையில் நிலவிய அமைதிக்கு, கல்வியாலும் நட்பாலும் கட்டிய அந்த வலையும் ஒரு காரணம்.

கலகம் 954-இல் அடங்கியது. 955 ஆகஸ்ட் 10 அன்று ஆக்ஸ்பூர்க் அருகே லெக் ஆற்றுவெளியில் ஒட்டோ ஹங்கேரியரை முறியடித்தார். அதற்கு முன்னர் முற்றுகையிடப்பட்ட ஆக்ஸ்பூர்க் நகரைக் காத்து நின்றவர் அதன் ஆயர் உல்ரிக். முன்னாள் கலகக்காரர் கொன்ராட் அந்தப் போரில் மன்னருக்காகப் போரிட்டு மாண்டார்.

3. கொடுத்ததும் பெற்றதும்

ஒட்டோ ஆயர்களுக்கும் துறவு மடங்களுக்கும் என்ன கொடுத்தார்? அவருடைய ஆவணங்கள் 400-க்கும் மேல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு திருச்சபை நிறுவனங்களுக்கு வழங்கியவை. நிலம், காடு, உப்பு, சுங்கம், சந்தை நடத்தும் உரிமை, நாணயம் அடிக்கும் உரிமை ஆகியவை அவற்றில் வருகின்றன. எல்லாவற்றிலும் கனமானது விலக்குரிமை. அந்த உரிமை பெற்ற நிலத்துக்குள் உள்ளூர்ப் பிரபு கால்வைத்து வரி வாங்கவோ வழக்கு விசாரிக்கவோ முடியாது. 965-இல் மாக்டெபர்க் மடத்துக்குச் சந்தையும் சுங்கமும் நாணயச்சாலையும் கிடைத்தன. 969-இல் ஸ்பையர் ஆயருக்கு நகருக்குள் நீதி வழங்கும் அதிகாரம் கிடைத்தது.

மன்னர் பெற்றது என்ன? முதலாவது, சோறும் கூரையும். அந்தக் கால மன்னர் ஓரிடத்தில் உட்கார்ந்து ஆளவில்லை. நூற்றுக்கணக்கான ஆட்களோடும் குதிரைகளோடும் நாடெங்கும் சுற்றிக்கொண்டே ஆண்டார். மடங்களும் பின்னாளில் ஆயர் நகரங்களும் அவரை வரவேற்று உணவளித்தன. இரண்டாவது, இறைவேண்டல். இதை ஒப்புக்கான சொல்லாக நாம் எடுத்துக்கொள்ளக்கூடாது. தம் ஆட்சியின் நலம் அந்தச் செபங்களில் அடங்கியிருக்கிறது என்று ஒட்டோ உள்ளபடியே நம்பினார். மூன்றாவது, படை.

இந்த மூன்றாவதற்கு ஓர் அரிய சான்று இருக்கிறது. ஒட்டோவின் மகன் இரண்டாம் ஒட்டோ இத்தாலியில் இருந்தபோது, 981 வாக்கில், கூடுதல் படை கேட்டு எழுதப்பட்ட பட்டியல் ஒன்று எஞ்சியுள்ளது. கவசம் அணிந்த குதிரை வீரர்கள் சுமார் 2,000 பேர் அதில் கணக்கிடப்படுகிறார்கள். மைன்ஸ், கொலோன், ஸ்ட்ராஸ்பூர்க், ஆக்ஸ்பூர்க் ஆகிய பீடங்கள் தலைக்கு 100 பேரை அனுப்ப வேண்டும். ஃபுல்டா, ரைஹெனாவ் மடத் தலைவர்கள் 60 பேர் வீதம். மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வீரர்கள் திருச்சபை நிலங்களிலிருந்து வர வேண்டியவர்கள்.

பெண்கள் மடங்களையும் இங்கே மறக்கலாகாது. ஒட்டோவின் தாய் மட்டில்டா நிறுவிய குவெட்லின்பர்க் மடத்தில் அரச குடும்பம் ஈஸ்டர் கொண்டாடியது. ஒட்டோவின் மகள் மட்டில்டா 966-இல், பதினோரு வயதில், அதன் தலைவியானார். பேரன் மூன்றாம் ஒட்டோ 997-இல் இத்தாலிக்குப் புறப்பட்டபோது சாக்சனியின் ஆட்சிப் பொறுப்பை இந்த அத்தையிடம்தான் விட்டுச் சென்றார். காண்டர்ஷைம் மடத்தில் வாழ்ந்த ஹ்ரோட்ஸ்வித் என்னும் பெண் கவிஞர் ஒட்டோவின் வரலாற்றை லத்தீன் கவிதையாகப் பாடினார். அரச வம்சத்தின் நினைவைக் காத்தவர்கள் இந்தப் பெண்கள்.

அறக்கட்டளையின் பெயரால் கூடியிருக்கும் நமக்கு இந்தக் கொடைகளின் தன்மை எளிதில் விளங்கும். கொடுத்தவர் காலம் முடிந்த பின்னும் கொடை நிற்கும். அதை யார் நிர்வகிப்பது என்ற கேள்வியும் கூடவே நிற்கும். ஒட்டோவின் கொடைகள் அனைத்துக்கும் அடியில் அந்தக் கேள்வி இருந்தது. ஆயர் பீடம் காலியானால் உள்ளூர்க் குருக்களும் மக்களும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மன்னர் இசைவு தந்து, ஆயரின் செங்கோலைத் தம் கையால் வழங்குவார். பல சமயம் மன்னர் சொன்ன பெயரே தேர்ந்தெடுக்கப்பட்டது.

4. தந்தைக்கு மறுப்புச் சொன்ன பேராயர்

திருச்சபை ஒட்டோவின் கைப்பாவை என்று யாராவது சொன்னால், மாக்டெபர்க்கின் கதையை அவருக்குச் சொல்ல வேண்டும்.

எல்பா ஆற்றங்கரையில் உள்ள மாக்டெபர்க், எடித்துக்குத் திருமணச் சீராக ஒட்டோ கொடுத்த ஊர். எடித் இங்கிலாந்து மன்னர் ஏதெல்ஸ்தானின் சகோதரி. 937-இல் அங்கே புனித மொரீசியஸ் பெயரால் ஒட்டோ ஒரு மடத்தை நிறுவினார். 946-இல் எடித் இறந்தபோது அங்கேயே அடக்கம் செய்தார். 2008-இல் மாக்டெபர்க் பேராலயத்தில் ஆய்வாளர்கள் அவர் பெயர் பொறித்த ஈயப்பேழையைக் கண்டெடுத்தார்கள்.

லெக் வெற்றிக்குப் பின் அந்த ஊரைப் பேராயர் பீடமாக உயர்த்த ஒட்டோ முனைந்தார். அதற்காக ஹால்பெர்ஸ்டாட் மறைமாவட்டத்தின் நிலத்தை எடுக்க வேண்டும். மைன்ஸ் பேராயரின் ஆளுகையைக் குறைக்க வேண்டும். அப்போது மைன்ஸ் பேராயர் யார்? ஒட்டோவின் சொந்த மகன் வில்ஹெல்ம். ஸ்லாவியப் பெண் ஒருவரிடம் மணவுறவுக்கு வெளியே பிறந்தவர். 954-இல் தந்தையின் விருப்பத்தாலேயே அந்தப் பதவிக்கு வந்தவர். அந்த மகன் 955-இல் திருத்தந்தை இரண்டாம் அகபெட்டுக்குக் கடிதம் எழுதினார். தாம் உயிரோடு இருக்கும்வரை மைன்ஸ் பீடத்தின் உரிமை குறைய இசைய முடியாது என்று உறுதியாகத் தெரிவித்தார்.

இந்தக் கடிதத்தின் முன் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தந்தை மன்னர். பதவி தந்தவரும் அவரே. இருந்தும் மகன் பேசியது மைன்ஸ் பீடத்தின் குரலில். பதவியில் அமர்ந்த மனிதரைப் பதவி தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஒட்டோவால் மகனை நியமிக்க முடிந்தது. மகன் அமர்ந்த பீடத்தின் உரிமையை அழிக்க முடியவில்லை. ஹால்பெர்ஸ்டாட் ஆயர் பெர்ன்ஹார்டும் அதேபோல் அசையவில்லை.

ஒட்டோ காத்திருந்தார். 962 பிப்ரவரி 2 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் ஜான் அவருக்குப் பேரரசர் முடி சூட்டினார். சில நாட்களில் மாக்டெபர்க் திட்டத்துக்கும் ஒப்புதல் தந்தார். அப்போதும் வேலை நடக்கவில்லை. 963-இல் அதே ஜானைப் பதவியிறக்கும் அளவுக்கு ஒட்டோ வலிமை பெற்றிருந்தார். ஆனால் தம் நாட்டில் ஓர் ஆயர் இசையாத மாற்றத்தை அவரால் நடத்திவிட முடியவில்லை. 968-இன் தொடக்கத்தில் பெர்ன்ஹார்ட் இறந்தார்; மார்ச் 2 அன்று வில்ஹெல்மும் இறந்தார். புதிதாக வந்தவர்களிடம் இசைவு பெற்ற பிறகே, 13 ஆண்டுக் காத்திருப்பின் முடிவில், மாக்டெபர்க் பேராயர் பீடம் எழுந்தது. கீவ் நகருக்கு மறைப்பணி செய்யப் போய் வெற்றியின்றித் திரும்பியிருந்த அடல்பெர்ட் அதன் முதல் பேராயரானார்.

5. எல்பாவுக்கு அப்பால்

மாக்டெபர்க்கின் கீழ் மெர்செபர்க், ஸைட்ஸ், மைசென், பிராண்டன்பர்க், ஹாவெல்பர்க் என ஐந்து மறைமாவட்டங்கள் வைக்கப்பட்டன. அவை ஸ்லாவிய மக்களின் நிலங்கள். இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு ஒட்டோவைப் புகழ்வது நேர்மையாகாது. எல்லைப் பிரபு கெரோ, 30 ஸ்லாவியத் தலைவர்களை விருந்துக்கு அழைத்துக் கொன்றதாக விடுகிண்டே எழுதுகிறார். 955 அக்டோபரில் ரெக்னிட்ஸ் ஆற்றங்கரைப் போருக்குப் பின் ஸ்லாவியத் தலைவர் ஸ்டோய்னெஃபின் தலை துண்டிக்கப்பட்டது, சிறைப்பட்டவர்களும் கொல்லப்பட்டார்கள். வாளுக்குப் பின்னால் கப்பமும், கப்பத்துக்குப் பின்னால் பத்தில் ஒரு பங்கு வரியும் வந்தன.

அந்த மக்களும் விடை சொன்னார்கள். 983-இல் ஸ்லாவியர் பெருங்கிளர்ச்சி செய்து ஹாவெல்பர்க்கையும் பிராண்டன்பர்க்கையும் வீழ்த்தினார்கள். மைன்ஸிலும் கொலோனிலும் நூற்றாண்டுகளாக வேரூன்றிய திருச்சபை மன்னருக்கு வலிமை தந்தது. வெற்றிகொண்ட அந்த நிலத்தில் ஆயுதபலத்தால் நட்ட திருச்சபை ஒரே கோடையில் சாய்ந்தது. ஒட்டோ பயன்படுத்திய வலிமையை அவரே படைக்கவில்லை. மக்களின் நம்பிக்கையும் பழமையும் அதை ஏற்கெனவே சேர்த்துவைத்திருந்தன.

6. திட்டமா, வளர்ச்சியா?

இந்த ஏற்பாட்டைப் பேரரசுத் திருச்சபை அமைப்பு என்று பெயரிட்டு, ஒட்டோ வகுத்த திட்டமாகவே விளக்குவது நெடுநாள் வழக்கம். ஆஸ்திரிய அறிஞர் லியோ சான்டிஃபாலர் 1954-இல் வெளியிட்ட நூல் அந்தக் கருத்தைப் பரப்பியது. 1982-இல் வரலாற்றாசிரியர் திமோத்தி ராய்ட்டர் அதை மறுபரிசீலனை செய்தார். அண்டை நாட்டு மன்னர்களும் ஆயர்களை இப்படித்தான் பயன்படுத்தினார்கள், ஆயர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பிரபுக் குடும்பத்தினர், மன்னர் நினைத்தவர்களை எல்லாம் நியமிக்க முடிந்ததில்லை என்று காட்டினார்.

ராய்ட்டரின் எச்சரிக்கை சரியானது என்றே நான் கருதுகிறேன். ஒட்டோவின் காலத்தில் மைன்ஸ் பேராயராக இருந்த ஃபிரெடெரிக் 939-இல் கலகக்காரர்களோடு சேர்ந்தவர். 953-இலும் அவர்மேல் ஐயம் விழுந்தது. ஆயர்களுக்கு முழுமையான கோட்டங்களின் ஆட்சியை வழங்கும் வழக்கம் ஒட்டோவின் காலத்தில் அன்று, அவர் பேரன் காலத்தில்தான் தொடங்குகிறது. 985-இல் லியேஜ் ஆயர் நோட்கர் ஹுய் கோட்டத்தைப் பெற்றார். ஒட்டோ ஓர் அமைப்பை வரைந்து வைத்துச் செயல்படவில்லை. கலகம் ஒன்றும் இறப்பு ஒன்றுமாக வந்த நெருக்கடிகளில் அவர் எடுத்த முடிவுகள் பின்வந்தவர்களுக்கு வழக்கமாயின. இதனால் அவர் பெருமை குறையவில்லை. திட்டம் இல்லாமலேயே ஓர் அரசை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடையாமல் காத்தது பெரிய ஆற்றல்.

7. நியமித்தவரும் நியமிக்கப்பட்டவரும்

ஒட்டோவின் வழியை அடுத்த நூற்றாண்டு மன்னர்கள் இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். இரண்டாம் ஹென்றி 1007-இல் பாம்பெர்க் மறைமாவட்டத்தை நிறுவ, ஃபிராங்க்ஃபர்ட் அவையில் ஆயர்கள் முன் மீண்டும் மீண்டும் தரையில் விழுந்து வணங்கி இசைவு பெற்றார். மூன்றாம் ஹென்றி 1046-இல் திருத்தந்தைப் பதவிக்கே தம் ஆளை அமர்த்தினார்; ஜெர்மானிய ஆயர்கள் திருத்தந்தையரானார்கள்.

அவர்கள் ரோமுக்குக் கொண்டுசென்ற சீர்திருத்த ஊக்கமே மன்னரின் கையைத் தடுத்தது. பொது நிலையினர் ஒருவர் ஆயரின் செங்கோலையும் மோதிரத்தையும் எப்படி வழங்கலாம் என்று ரோம் கேட்டது. 1076 ஜனவரியில் வோர்ம்ஸ் நகரில் இருபதுக்கும் மேற்பட்ட ஆயர்கள் நான்காம் ஹென்றியின் பக்கம் நின்று திருத்தந்தை ஏழாம் கிரகோரியை மறுத்தார்கள். திருத்தந்தை மன்னரைச் சபைநீக்கம் செய்ததும் அதே ஆயர்களில் பலர் சில மாதங்களுக்குள் விலகிப்போனார்கள். 1077 ஜனவரியில் கனோசா கோட்டை வாயிலில் ஹென்றி திருத்தந்தையின் மன்னிப்புக்காகக் காத்து நின்றார். 1122-இல் வோர்ம்ஸ் உடன்படிக்கையில் மன்னர் மோதிரத்தையும் செங்கோலையும் வழங்கும் உரிமையைக் கைவிட்டார். ஜெர்மனியில் தம் முன்னிலையில் தேர்தல் நடக்கும் உரிமையும், உலகியல் உரிமைகளைத் தனிக் கோல் ஒன்றால் வழங்கும் உரிமையும் அவருக்கு எஞ்சின.

நியமன உரிமை தேய்ந்தது, கொடைகள் தேயவில்லை. 1220-இல் மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக், திருச்சபைப் பிரபுக்களின் நிலத்தில் புதிய நாணயச்சாலையோ சுங்கமோ வைப்பதில்லை என்று எழுதிக்கொடுத்தார். 1356-ஆம் ஆண்டுப் பொன் ஆவணம், மன்னரைத் தேர்ந்தெடுக்கும் எழுவரை வரையறுத்தது. அவர்களில் மூவர் மைன்ஸ், கொலோன், டிரையர் பேராயர்கள். முதல் இரண்டும் வில்ஹெல்மும் புரூனோவும் அமர்ந்த அதே பீடங்கள்! மன்னர் ஆயரை நியமித்த நாட்டில் பேராயர்கள் மன்னரைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது. அந்த ஆயர் ஆட்சிகள் 1803 வரை நீடித்தன; பேரரசே அதன்பின் மூன்று ஆண்டுகள்தான் இருந்தது.

ஒட்டோ தவறு செய்தார் என்று நான் முடிக்கவில்லை. மகனும் தம்பியும் வாளெடுத்த ஒரு காலத்தில், எழுத்தறிந்த, கடமை அறிந்த, பதவியைப் பிள்ளைக்கு விட முடியாத மனிதர்களை நம்பியது அவருக்குக் கிடைத்த வழிகளில் சிறந்த வழி. தம் காலத்துக்கு அவர் செய்தது போதுமானது. ஆனால் நம்பிக்கையால் எழுந்த ஒரு நிறுவனத்தை எந்த அரசும் தனக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ள முடியாது. அதற்கென்று ஒரு சட்டம் உண்டு, நினைவு உண்டு, பொறுமை உண்டு. மாக்டெபர்க்குக்காகப் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்த ஒட்டோ அதை அறிந்திருந்தார் என்றே நான் நம்புகிறேன். கனோசாவுக்குப் போகும் வரை நான்காம் ஹென்றி அதை அறியவில்லை.

மாணவ நண்பர்களே, பழைய கொடை ஆவணம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதைப் பெற்றவருக்குப் பின் அந்த இடத்தில் யார் அமர்வார், அவரை அமர்த்தும் உரிமை யாருக்கு என்றும் கேளுங்கள். ஓர் அரசு எத்தனை தலைமுறை நிற்கும் என்பதற்கான விடை, கொடையின் அளவைவிட அந்தக் கேள்வியில்தான் அதிகம் இருக்கிறது.